எத்தனை மடங்கு?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடியில் வில்லனின் ஆள் குப்புறப் படுத்திருப்பான். துப்பாக்கி மேல் ஒரு குழாய். அதில் கண்ணை வைத்தால் ஹீரோவின் சட்டைப் பட்டன் வரை பளிச்சென்று தெரியும். நடுவே ஒரு பிளஸ் குறி.

நிஜத்தில் அந்த அளவுக்குப் பெரிதாக்கினால், ஹீரோ ரெண்டடி நகர்ந்ததுமே ஆளைக் காணோம் என்று தேட வேண்டியதுதான். வேட்டைக்காரர்களுக்கு இது பழைய பாடம். ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும்?

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்குதான். 100 கஜம் தள்ளிப் பார்த்தால், 3 மடங்கு ஸ்கோப்பில் சுமார் 33 அடி அகலத்துக்குக் காடு தெரியும். 9 மடங்கில் சுமார் 13 அடிதான். கை லேசாக நடுங்கினாலும் அதுவும் 9 மடங்காகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். முன்பக்க லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுங்கள். 40 மி.மீ. லென்ஸ், 4 மடங்கு என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 10 மி.மீ. அதே லென்ஸில் 10 மடங்கு வைத்தால் வெறும் 4 மி.மீ. இருட்டில் நம் கண்மணி அதிகபட்சம் 7 மி.மீ. வரை விரியும். மிருகங்கள் வெளியே வருவதோ அந்தி மசங்கும் நேரத்தில்! அதனால்தான் பரண் மேல் காத்திருக்கும் ஜெர்மன் வேட்டைக்காரர்களுக்கு 8 மடங்கு, 56 மி.மீ. ஸ்கோப் ரொம்பப் பிடிக்கும். வகுத்துப் பாருங்கள், சரியாக 7. (நம் ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் ஜெயில்தான். யாரும் பரண் கட்டக் கிளம்பிவிட வேண்டாம்.)

முதல் உலகப்போரில் இந்தக் கணக்கு மனித உயிர் விஷயமாகிவிட்டது. ஜெர்மனியில் ஸ்கோப் வைத்து வேட்டையாடுவது சர்வசாதாரணம். போர் தொடங்கியதும் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகளையே திரட்டி முன்னணிக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ்காரர்களிடம் ஸ்கோப் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லென்ஸ் கண்ணாடிக்கே பெரும்பாலும் ஜெர்மனியை நம்பியிருந்த தேசம் அது! பதுங்குகுழியில் தலை தூக்கினவன் செத்தான்.

அப்போது வந்து சேர்ந்தார் ஹெஸ்கெத் பிரிச்சர்ட். நம்ம ஜான்சியில் 1876-ல் பிறந்தவர். ஹாம்ப்ஷயர் அணியின் வேகப்பந்து வீச்சாளர். பேய்க்கதை எழுத்தாளர். கனடாப் பக்கம் பெரிய மான்களைத் துரத்தித் திரிந்த வேட்டைக்காரர். 1915-ல் பத்திரிகையாளர்களை முன்னணிக்கு அழைத்துப்போகும் வேலைக்காகத்தான் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். போன இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை.

அங்கே வந்து சேர்ந்திருந்த கொஞ்சநஞ்ச ஸ்கோப்புகளையும் பரிசோதித்தார். பல துப்பாக்கிகள் குறியே சேரவில்லை. ஸ்கோப் ஒரு பக்கம் காட்ட, குண்டு வேறு பக்கம் போனது. ராணுவம் ஸ்கோப்பைத் துப்பாக்கியின் நடுவில் வைக்காமல் இடதுபக்கம் தள்ளிப் பொருத்தியிருந்தது வேறு. இரும்புத் தகட்டின் சின்ன ஓட்டை வழியே துப்பாக்கியை நீட்டினால், ஸ்கோப்பில் தகடுதான் தெரியும்!

எதிரி ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் செய்த வேலை இன்னும் சுவாரஸ்யம். காகிதக் கூழில் அச்சு அசலாக மனிதத் தலைகள். ஒன்றை மெதுவாக மேலே தூக்குவார்கள். ரப்பர் குழாய் வழியாக அது சிகரெட் கூடப் பிடிக்கும்! எதிரி சுட்டதும், குண்டு நுழைந்த ஓட்டையையும் வெளியேறிய ஓட்டையையும் நேர்கோட்டில் பெரிஸ்கோப் வழியே பார்த்தால் சுட்டவன் முகவரி கிடைத்துவிடும்.

சரி, மடங்குக்கு வருவோம். அவர் ரொம்ப நம்பியது ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்கு வழிகாட்டும் ஆட்களை. லோவட் ஸ்கவுட்ஸ் என்ற படை அப்படிப்பட்டவர்களைக் கொண்டது. அவர்கள் கையில் சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் பித்தளை டெலஸ்கோப். அதை ஆடாமல் ஊன்றிக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் தேடுவார். பக்கத்தில் படுத்திருப்பவரின் துப்பாக்கியில் இருந்த ஸ்கோப்போ இரண்டு, மூன்று மடங்குதான். தேடும் கண் வேறு, சுடும் கண் வேறு. மலையில் மானுக்குச் செய்ததை அப்படியே பதுங்குகுழிக்குக் கொண்டுவந்தார்கள். 1916-ல் இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பள்ளியே நடத்தினார் பிரிச்சர்ட்.

அமெரிக்க ராணுவம் 1908-ல் 6 மடங்கு ஸ்கோப்போடு ஆரம்பித்து, 1913 மாடலில் 5.2 ஆகக் குறைத்துக்கொண்டது. பின்லாந்தின் சிமோ ஹைஹா ஒரு படி மேலே. 1939-40 பனிப்போர்க்களத்தில் 500-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்களைச் சுட்டதாகக் கணக்கு. ஸ்கோப்பே வேண்டாம் என்றுவிட்டார்! அதில் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும், குளிரில் கண்ணாடி மங்கும், வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மங்கும் பிரச்னைக்கு 1947-ல்தான் அமெரிக்காவின் லியூபோல்ட் கம்பெனி குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து விடை கண்டது.

பிரிச்சர்ட் அதைப் பார்க்கவில்லை. பதுங்குகுழியில் தொற்றிய ரத்த நஞ்சு போர் முடிந்தும் விடாமல், 1922-ல், 45 வயதில் இறந்தார். இத்தனை மான் சுட்ட மனிதர், போருக்கு முன்னால் முழுமூச்சாகச் செய்த வேலை என்ன தெரியுமா? சாம்பல்நிறக் கடல்நாய்களைக் கொல்வதற்கு எதிரான பிரசாரம். 1914-ல் பிரிட்டனில் அதற்குச் சட்டமே வந்தது.