விழுப்புண்ணும் சான்றும்: போர்க்காயத்திற்குரிய சிறப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

போரில் உயிர் துறந்த வீரனைச் சமூகம் நினைவுகூரும் முறைகள் தமிழாய்வில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. நடுகல் பற்றிய ஆய்வுகள் மட்டுமே ஒரு தனி நூலகமாகும் அளவிற்குப் பெருகியுள்ளன. ஆனால், காயமுற்றும் உயிர் பிழைத்த வீரனுக்கு அச்சமூகம் என்ன செய்தது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. போர்க்காயத்திற்கான பதக்கம் வேண்டி முதிய படைவீரர்கள் அரசிடம் மேல்முறையீடு செய்யும் நிகழ்வுகள் இன்றும் தொடர்கின்றன. இச்சூழலில், காயத்திற்குச் சிறப்புச் செய்தல், அக்காயத்திற்குச் சான்று கேட்டல் ஆகிய இரண்டும் வரலாற்றில் எவ்வாறு இணைந்து வந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

மாண்டோரும் மீண்டோரும்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுத்தலைக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளாக வகுக்கின்றது. இடைக்காலக் கல்வெட்டுகள் போரில் இறந்தவரின் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலக்கொடையை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் குறிக்கின்றன. தென் திருவிதாங்கூரில் வழங்கிய இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்னும் கதைப்பாடல், திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் பொருது வீழ்ந்த படைத்தலைவனைப் போற்றுகின்றது. கல், நிலம், பாட்டு ஆகிய மூன்றும் பெரும்பாலும் மாண்டோர்க்கே உரியனவாக அமைந்ததை இவற்றால் அறியலாம்.

புண்பட்ட வீரனோ காஞ்சித் திணையில் இடம்பெறுகின்றான். அவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என ஒரு துறையாக்குகின்றார். நிலையாமை பேசும் திணையில் அவன் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. வாழ்விற்கும் சாவிற்கும் இடைப்பட்டவனாகிய அவனுக்குரிய இடம் வீடு. அவனைக் காக்கும் பொறுப்பும் மனைவியுடையது.

நேரிற்கண்ட சான்று

இந்நிலைக்கு மாறான இரண்டு காட்சிகள் பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ளன. முதலாவது நெடுநல்வாடையின் இறுதிப்பகுதி. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறக்கமின்றி அரசன் பாசறையில் உலவுகின்றான். வேப்பந்தார் சூட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே சென்று, புண்பட்ட வீரரை ஒருவர்பின் ஒருவராக அவனுக்குக் காட்டுகின்றான். காயம் ஏற்பட்ட இடத்திலேயே, காயம் ஆறுமுன், வீரனை அறிந்த ஒருவன் அரசனுக்கு அவனைக் காட்டுவதே இங்கு நிகழ்கின்றது. இது நேர்ச்சான்று. இதற்கு ஏடும் எழுத்தும் வேண்டியதில்லை.

இரண்டாவது சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதை. வடநாட்டுப் போரில் வென்ற சேரன் செங்குட்டுவன் கங்கைக் கரையில் பெருநாளிருக்கை கொள்கின்றான். கவசம் சிதைய மார்பில் புண்பட்டு, பகைவர் புறமுதுகிடக் கண்டு மீண்ட மறவர்க்கும் அவன் பொன்னாலான வாகைப்பூவை வழங்குகின்றான். குறித்த காலம் கடந்தும் அவ்விழா நீண்டதாக இளங்கோவடிகள் குறிப்பிடுகின்றார். காயமுற்று மீண்ட வீரன் அவையில் பெயர்சுட்டி அழைக்கப்படாவிடினும், அவன் காயத்தின் பொருட்டு அரசன் கையால் பொன் பெறுகின்றான். இன்றைய போர்க்காயப் பதக்கத்திற்கு நெருங்கிய தமிழ் முன்னோடி இக்காட்சியே எனலாம்.

காயத்தை வகைப்படுத்தல்

எனினும், எல்லாக் காயமும் சிறப்புப் பெறவில்லை. விழுப்புண் படாத நாளை வீணாள் என எண்ணுவது வீரன் இயல்பு என்பது படைச்செருக்கு அதிகாரத்தின் கருத்து. முகத்தினும் மார்பினும் படுவது விழுப்புண். முதுகில் படுவது புறப்புண். இவ்வகைப்பாட்டின் கொடுமையைச் சேரமான் பெருஞ்சேரலாதன் வரலாறு காட்டுகின்றது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத அவன், முதுகில் ஏற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்றவனாகிய கரிகாலனை முன்னிலைப்படுத்தியே, வடக்கிருந்தவன் அவனினும் நல்லன் அல்லனோ என வெண்ணிக்குயத்தியார் வினவுகின்றார். வகைப்பாடு அளித்த தீர்ப்பின் மீது ஒரு புலவர் செய்த மேல்முறையீடாகவே அப்புறப்பாடலைக் கொள்ள இடமுண்டு.

சான்று ஏடாதல்

தற்கால அரசுகளில் பாசறையில் நேரே காட்டிய வேலோன் நின்ற இடத்தில் ஆவணம் நிற்கின்றது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் 1782 இல் ஏற்படுத்திய படைத்தகுதிச் சின்னம், 1932 இல் பர்ப்பிள் ஹார்ட் என்னும் பெயரில் புத்துயிர் பெற்று, பின்னர்ப் போர்க்காயத்திற்கேயுரிய பதக்கமாயிற்று. கொரியப் போரில் 1951 இல் பீரங்கிக்குண்டுச் சிதறல் தொடையில் பாய்ந்த ஏர்ல் மேயர் என்னும் வீரர் முதுமையில் இப்பதக்கத்தை வேண்டினார். போதிய ஆவணம் இல்லை என அவர் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தமக்கு மருத்துவம் செய்த படை மருத்துவப் பணியாளர் அறிக்கை எழுதுமுன்பே இறந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. உலோகத் துண்டு அவர் காலிலேயே தங்கியிருந்தும் அது சான்றாகக் கொள்ளப்படவில்லை. அவர் 2023 இல் நீதிமன்றத்தை நாடினார். 2024 இல், தம் 96 ஆம் வயதில், பதக்கம் பெற்றார். காயத்திற்கும் பதக்கத்திற்கும் இடையே 73 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தியாவிலும் போர்க்காயத்திற்கெனப் பராக்கிரம் பதக் என்னும் பதக்கம் உண்டு. பகைவரின் நேரடிச் செயலால் ஏற்பட்ட காயமே இதற்குரிய தகுதி. ஓய்வூதியத்திற்கான 2001 ஆம் ஆண்டு அரசாணை, படைவீரரின் இறப்பையும் உடற்குறையையும் ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றது. இயற்கைக் காரணம், பணிச்சார்பு, பணிக்கால விபத்து, வன்முறையாளர் செயல், பகைவர் செயல் என அவை அமையும். போர்க்களத்தை அடுத்து நிகழ்ந்த காயம் இவற்றுள் எவ்வகையில் பதிவாயிற்று என்பதே பின்னாளில் ஊதியத்தையும் சிறப்பையும் முடிவு செய்கின்றது. மார்பா முதுகா என்னும் பழைய வினா இங்கு வேறு உருவில் மீள்கின்றது.

திருவனந்தபுரத்துச் சூழல்

இவ்வினா திருவனந்தபுரத்திற்கு அயலானதன்று. 1741 ஆம் ஆண்டுக் குளச்சல் போரின் மரபைக் கொண்ட திருவிதாங்கூர்ப் படைப்பிரிவுகள், நாடு விடுதலை பெற்றபின் இந்தியப் படையோடு இணைந்து மதராஸ் படைப்பிரிவின் 9, 16 ஆம் பட்டாளங்களாயின. குளச்சலில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாயின் கல்லறை, உதயகிரிக் கோட்டையில் இலத்தீன், தமிழ் எழுத்துகளோடு நிற்கின்றது. அவர்கீழ்ப் பொருது உடலுறுப்பு இழந்த எளிய வீரர்க்கு அத்தகைய எழுத்து வாய்க்கவில்லை.

இன்று திருவனந்தபுரத்து முன்னாள் வீரர் ஒருவர் தம் காயத்திற்கு ஏற்பு வேண்டின், முதலில் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தை நாடவேண்டும். அங்கு மறுக்கப்படின், 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு அவருக்கு உண்டு. ஓய்வூதிய வழக்குகளில் சான்றின் சுமை ஓரளவு இறக்கப்பட்டுள்ளது. நலமுடன் பணியில் சேர்ந்தவருக்குப் பின்னர் ஏற்பட்ட உடற்குறை பணியால் நேர்ந்ததன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்றும், ஐயத்தின் பயன் வீரருக்கே உரியது என்றும் தரம்வீர் சிங் வழக்கில் 2013 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது ஓய்வூதியம் பற்றியது, பதக்கம் பற்றியதன்று. ஆயினும், இதன் அறக்கோட்பாடு சிறப்புச் செய்தலுக்கும் பொருந்தும்.

ஏற்பு எவ்வளவு காலம் தாழ்க்கும் என்பதற்கு முரளிகாந்த் பேட்கர் வாழ்வு இந்தியச் சான்று. 1965 ஆம் ஆண்டுப் போரில் குண்டுக்காயங்களால் உடற்குறையுற்ற இவ்வீரர், 1972 இல் ஹைடல்பர்க் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பத்மஸ்ரீ விருது 2018 இல்தான் அவரை வந்தடைந்தது. 2024 ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா வாழ்நாள் சாதனை விருது 2025 இல் வழங்கப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. மாண்டோரைப் போற்றும் மரபு வலுவாக இருக்க, காயமுற்று மீண்டோரைப் போற்றும் மரபு மெலிந்தே இருந்துள்ளது. காயத்திற்குரிய சிறப்பு எக்காலத்தும் வகைப்பாட்டிற்கு உட்பட்டது. அவ்வகைப்பாடு தவறும்போது தகுதியுடையோர் இழிவுறுகின்றனர். நேர்ச்சான்று மறைந்து ஏட்டுச்சான்று வந்தபின், ஏட்டை எழுதவேண்டியவர் இறந்துபட்டால் வீரனின் உடலே சான்றாக நின்றும் பயனில்லை.

எனவே, உடன் பொருதோரின் வாய்மொழியும் உடலில் உள்ள வடுவும் சான்றாக ஏற்கப்பட வேண்டும். 1962, 1965, 1971 ஆம் ஆண்டுப் போர்களில் பங்கேற்றோர் இன்று முதுமை எய்திவிட்டனர். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் வாழும் அத்தகையோரின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டுவது தமிழாய்வாளரின் கடமைகளுள் ஒன்றாகும். பாசறை இருளில் புண்பட்டோரை அரசனுக்குக் காட்டிச்சென்ற வேலோனின் பணி அது. காட்டுவோர் இல்லையேல் அரசு காண்பதில்லை.