கழுதைக்காக மனு எழுதியவர்

எகிப்தின் ஷர்க்கிய்யா மாகாணத்து அதிகாரி ஒருவர் ஒரு கவிஞரின் கழுதையை இரவல் வாங்கினார். ஏறிப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. திருப்பி அனுப்ப மனம் வராமல், விலை இதுதான் என்று 200 திர்ஹமைக் கொடுத்தனுப்பினார். தன்னை விட்டுவிடும்படி கழுதையே கெஞ்சுவதுபோல நாலு வரி எழுதி அனுப்பினார் கவிஞர். கழுதை வீடு திரும்பியது, கொடுத்த பணத்தையும் அதிகாரி கேட்கவில்லை என்பார்கள்.

அந்தக் கவிஞர்தான் இமாம் பூஸீரி. உலகமெங்கும் முஸ்லிம்கள் ஓதும் 'கஸீதத்துல் புர்தா'வை இயற்றியவர். ஏறத்தாழ 1212இல் பிறந்தார். பெற்றோரில் ஒருவரின் ஊர் பூஸீர், மற்றவரின் ஊர் தலாஸ். இரண்டையும் ஒட்டவைத்து 'தலாஸீரி' என்ற பெயரும் அவருக்கு வழங்கியது. பிழைப்புக்கு பில்பைஸ் நகரில் அரசாங்கக் கணக்கர் வேலை பார்த்தார். கூட வேலை பார்த்தவர்கள் வரிப்பணத்தையும் தானியத்தையும் சுருட்டுவதைப் பார்த்து, அவர்களை நாறடித்து நீளமான வசைக்கவிதை எழுதினார். பெருநாள் வந்தும் பிள்ளைகளுக்கு ரொட்டி இல்லை என்று அமைச்சருக்கும் பாட்டாகவே முறையிட்டார். சுருக்கமாகச் சொன்னால், கை நீட்டிக் கேட்பதைக் கலையாகப் பழகியவர்.

அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கி ஒரு பக்கத்தை முடக்கிப் போட்டது. இனி எந்த அமைச்சரிடம் மனுப் போடுவது? நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு இயற்றி, அதன் பொருட்டால் சுகம் தரும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டார். ஓதி ஓதி அழுது, அப்படியே உறங்கிப்போனார். கனவில் நாயகம் வந்து அவர் முகத்தைத் தடவி, ஒரு போர்வையை மேலே போட்டதாகவும், விழித்ததும் எழுந்து நடந்ததாகவும் அவரே சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தார்கள். காலையில் தெருவில் எதிர்ப்பட்ட ஒரு ஃபக்கீர் அந்தப் பாட்டைக் கேட்டார். எந்தப் பாட்டு என்றாராம் பூஸீரி, நிறைய எழுதியவராயிற்றே. நோயில் கிடந்து எழுதியதுதான் என்று முதல் அடியை ஃபக்கீரே சொல்லிக் காட்டினாராம்.

செய்தி அமைச்சர் பஹாவுத்தீன் இப்னு ஹின்னாவின் காதுக்குப் போனது. வெறுங்காலோடும் திறந்த தலையோடும் நின்றபடிதான் அதைக் கேட்பேன் என்று அவர் நேர்ந்துகொண்டார். பிறகு கண்நோயால் தவித்த ஒருவர் பாட்டின் ஏட்டைக் கண்ணில் வைத்துக் குணமானார் என்ற கதையும் சேர்ந்தது. அரபியில் போர்வைக்குப் 'புர்தா', சுகத்துக்குப் 'புர்ஃ'. இரண்டும் ஒலியில் நெருங்கியவை என்பதால் பாட்டுக்கு இரு பெயரும் நிலைத்தன.

இந்த அற்புதக் கதைகள் பாட்டைப் பிரபலமாக்கின. ஆனால் அவை பாட்டை மறைத்தும்விட்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 160 பைத்துகள் (ஈரடிகள்), எல்லாம் 'மீம்' எழுத்தில் முடிபவை, பத்துப் பிரிவுகள். எடுத்து ஓதிப் பார்த்தால், நோயைப் பற்றிய பேச்சைவிடப் பாவமன்னிப்பைப் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது. ஒன்பதாம் பிரிவில் பூஸீரி தன் குற்றத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறார்: கவிதையிலும் பிறர் சேவகத்திலும் கழிந்த ஆயுள். அவை இரண்டும் தன் கழுத்தில் மாலையாக விழுந்து, பலிக்குக் கொண்டுபோகும் பிராணியாகத் தன்னை ஆக்கிவிட்டன என்கிறார். பெருநாளுக்கு ரொட்டி கேட்டுப் பாடியவர், கழுதைக்காகப் பாடியவர், அந்தத் திறமைக்கே மன்னிப்புக் கேட்கிறார்.

அதே இடத்தில், ஹரிம் என்ற தலைவரைப் பாடி ஸுஹைர் என்ற கவிஞர் பெற்ற செல்வம் எனக்கு வேண்டாம் என்றும் சொல்கிறார். இதில் ஒரு பொடி இருக்கிறது. ஸுஹைரின் மகன் கஅப், நாயகத்தை வசைபாடியதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டவர். முகத்தை மறைத்துக்கொண்டு மதீனாவுக்கு வந்து, 'கஅப் மனம் திருந்தி வந்தால் ஏற்பீர்களா?' என்று யாரோபோலக் கேட்டு, ஆம் என்ற பின் தன்னைக் காட்டிக்கொண்டு கவிதை பாடினார். நாயகம் தம் போர்வையை அவருக்கு அளித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆக, முதல் புர்தாவும் மன்னிப்புக் கேட்டு வந்தவரின் பாட்டுதான். தகப்பன் பொன்னுக்குப் பாடினார், மகன் உயிருக்குப் பாடினார். பூஸீரி, அந்த மகன் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

பத்தாம் பிரிவு முனாஜாத், அதாவது இறைவனிடம் தனித்து முறையிடுதல். குற்றம் பெரிதென்று நிராசை அடையாதே என்று தன் நெஞ்சுக்குச் சொல்லிவிட்டு, ஒரு துணிச்சலான கணக்குப் போடுகிறார் பழைய கணக்கர்: இறைவன் ரஹ்மத்தை, அதாவது அருளை, பங்கிடும்போது, அவரவர் பாவத்தின் அளவுக்கு ஏற்ப அது வந்து சேரட்டுமே! இந்த முனாஜாத் என்ற பெயரிலேயே தமிழ் முஸ்லிம் புலவர்கள் ஒரு பாட்டு வகையை வளர்த்தார்கள். 1872இல் சிங்கப்பூரில் 'முனாஜாத்துத் திரட்டு' என்றே ஒரு தமிழ் நூல் அச்சேறியது.

ஆனால் புர்தாவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. உங்களையன்றி ஒதுங்க யார் உண்டு என்று நாயகத்தை விளித்துக் கேட்கும் இடம் அல்லாஹ்வுக்கே உரியதை மனிதருக்குத் தருகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாப் கண்டித்தார். அது மறுமைநாள் ஷபாஅத்தை, அதாவது பரிந்துரையை, குறிப்பது என்று மறுதரப்பு உலமாக்கள் விளக்கம் சொன்னார்கள். தகராறு இன்றும் ஓயவில்லை, ஓதுவதும் நிற்கவில்லை.

பூஸீரியின் கப்ரு அலெக்ஸாண்டிரியாவில், அவருடைய ஷெய்கு அபுல் அப்பாஸ் அல்முர்ஸியின் பள்ளிவாசலுக்கு எதிரே இருக்கிறது. அங்கே சுவர்களில் புர்தாவின் பைத்துகளை எழுதிவைத்திருக்கிறார்கள். கழுதைப் பாட்டை எழுதவில்லை.