பைலனின் கணுக்கால்: 1779 பத்தாவியாக் காய்ச்சலும் கேரியின் வாசிப்பும்

டொனால்ட் கேரி 1971இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, சிக்குன்குனியாவும் டெங்குவும் ஆள்மாறாட்டம் ஆகிவிட்டனவா என்று கேட்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கேள்விக்குறியைக் கழற்றிவிட்டார்கள். 1779இல் பத்தாவியா, 1823இல் சான்சிபார், 1824–25இல் இந்தியா, 1827–28இல் மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களில் டெங்கு என்று எண்ணப்பட்ட கொள்ளைநோய்கள் எல்லாம் சிக்குன்குனியாவே என்பதைத் தீர்ந்த முடிவாகச் சொல்வோர் பலர். அமெரிக்கக் கண்டத்துக்குச் சிக்குன்குனியா திரும்பி வந்ததைப் பற்றி 2015இல் எழுதிய ஸ்காட் ஹால்ஸ்டெட், ‘முன்பு டெங்கு எனப்பட்டது’ என்று தலைப்பிலேயே குறித்தார். கேரியின் வாசிப்பில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியை மறுக்கிறேன். மறுப்புக்கான சான்று வேலூரில் அவரே செய்த ஆய்வில் இருக்கிறது.

முதலில் ஏற்கும் பாதி. பத்தாவியா நகரின் அறுவை மருத்துவர் டேவிட் பைலன், ‘நோக்கல் கூர்ட்ஸ்’ என்று ஊரார் அழைத்த காய்ச்சலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். டச்சு மொழியில் ‘நோக்கல்’ என்றால் விரல் கணு. மற்ற நோயாளிகளைவிடத் தன் உடம்பைத்தான் அவர் நுணுக்கமாகப் பதிவு செய்கிறார். மே 25, மாலை 5 மணி. இரண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது வலது கை மூட்டுகளில் வலி தொடங்குகிறது. அது படிப்படியாகத் தோள்வரை ஏறி, பின் உடம்பெங்கும் பரவுகிறது. இரவு 9 மணிக்குக் கடும் காய்ச்சலோடு படுக்கையில் கிடக்கிறார். வீட்டில் முடங்கியது ஐந்து நாள். மூன்று வாரம் கழித்தும் இரண்டு கணுக்கால்களிலும் வீக்கம். காலையில் எழுந்ததும், சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும், மூட்டுகள் விறைத்து நிற்கின்றன. மாடிப்படி ஏறுவதும் இறங்குவதும் வேதனை.

2006இல் சிக்குன்குனியா வந்து படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எவருக்கும் இந்தக் காலை நேரத்து விறைப்பு தெரியும். டெங்குவில் தசை வலிக்கும், முதுகு வலிக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். ஆனால் மூட்டு வீங்கி, மூன்று வாரம் கழித்தும் படிக்கட்டு பயமுறுத்துவது டெங்குவின் இயல்பன்று. பைலனுக்கு வந்தது சிக்குன்குனியாதான் என்று துணிந்து சொல்லலாம். இதே வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸாக இருக்க வாய்ப்புண்டு என்றாலும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேரி இங்கிருந்து ஒரு நகரத்துக்கே தாவுகிறார். பைலனுக்கு வந்தது எதுவோ அதுவே பத்தாவியாவுக்கு வந்தது என்கிறார். நான் மறுப்பது இந்தத் தாவலைத்தான். 1964இல் வேலூரில் சிக்குன்குனியா பரவியபோது, கேரியும் மையர்ஸும் ரேச்சல் ரூபனும் உள்ளிட்ட குழு நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தது. அதே பருவத்தில், அதே ஊரில் டெங்குவும் இருந்தது. ஒரே நோயாளியின் இரத்தத்திலிருந்து சிக்குன்குனியாவும் இரண்டாம் வகை டெங்குவும் பிரித்தெடுக்கப்பட்டதை மையர்ஸும் கேரியும் 1967இல் அறிவித்தார்கள். இரண்டையும் சுமப்பது ஏடிஸ் எஜிப்தி என்ற ஒரே கொசு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே அது பெருகுகிறது. ஆய்வுக்கூடம் மட்டும் இல்லாதிருந்தால், 1964ஆம் ஆண்டை வேலூர் ஒரே ஒரு மூட்டுவலிக் காய்ச்சலின் ஆண்டாகத்தான் நினைவில் வைத்திருக்கும்.

பத்தாவியாவில் ஆய்வுக்கூடம் இல்லை, பெயர் மட்டுமே இருந்தது. காய்ச்சலுக்குப் பெயர் வைப்பது யார்? கணு வீங்கி வாரக்கணக்கில் நொண்டியவர்களும், அவர்கள் நடையைத் தெருவில் பார்த்தவர்களும். ஒரு வாரம் காய்ந்து, வியர்த்து, எழுந்து வேலைக்குப் போனவர் தன் நோயையும் ஊரார் சொன்ன பெயரிலேயே சொல்லியிருப்பார். டெங்கு முற்றி இறந்தவரோ ஏதோ ஒரு பித்தக் காய்ச்சலின் கணக்கில் போயிருப்பார். ஆகவே ‘நோக்கல் கூர்ட்ஸ்’ என்ற பெயர் சிக்குன்குனியா இருந்தது என்பதற்குச் சான்று. டெங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இது நேர்ச்சான்று இல்லாத இடம், எதிர்வாதத்துக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றை வைரஸ் என்பதற்கும் நேர்ச்சான்று இல்லையே.

மரபணுச் சான்றும் இங்கே கைகொடுக்காது. இந்தியாவில் 1963 முதல் 1973 வரை பரவியது சிக்குன்குனியாவின் ஆசிய மரபுவகை. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும் பரவலாகத் தலைகாட்டவில்லை. 2005இல் வந்ததோ ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட வேறொரு மரபுவகை. இப்படி வந்து எரிந்து அணைந்துபோகும் நோய் 1779இலும் ஒருமுறை வந்து போயிருக்கலாம். அப்படியானால் இன்றைய வைரஸ்களின் மரபணுவைக் கொண்டு அந்த வருகையின் காலத்தைக் கணிக்க முடியாது.

இன்னொரு காலக்கணக்கும் தீராமல் நிற்கிறது. ‘டெங்கு’ என்ற சொல் சான்சிபாரின் ‘கி டிங்கா பெப்போ’விலிருந்து வந்தது என்று மருத்துவர் கிறிஸ்டி 1870களில் எழுதியதை ஏற்றால், அந்தப் பெயர் முதலில் சிக்குன்குனியாவுக்கே உரியது. 1944இல் ஆய்வாளர் சேபின் டெங்கு வைரஸைப் பிரித்தபோது அது மற்ற நோயின் பெயராகிவிட்டிருந்தது. இந்த இடமாற்றம் கிறிஸ்டி எழுதிய காலத்துக்குப் பின், மருத்துவர்கள் ஆஷ்பர்னும் கிரெய்கும் மணிலாவில் செய்த டெங்கு சோதனைகளின் முடிவை வெளியிட்ட 1907க்கு முன் நடந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். அதற்குமேல் காலத்தைச் சுருக்க இப்போதைய சான்றுகள் இடம்தரவில்லை.