நம் வளவில் நிற்கும் ரம்பை யார் தந்தது?

கடந்த கிழமை தரம் 8 பிள்ளைகளிடம், "உங்கள் வீட்டுக்கு ரம்பை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். பாதிப் பேர் "கடையிலிருந்து டீச்சர்" என்றார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

ரம்பையின் தாய்நிலம் தென்கிழக்காசியா. அங்கே அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'பண்டான் ரம்பெ'. நாம் ரம்பை என்கிறோம், சிங்களச் சகோதரர்களும் ரம்பெ என்கிறார்கள். செடியோடு பெயரும் கடல் கடந்து வந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் (1658–1796) ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் பலர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். இன்றைய மலாய் சகோதரர்களில் பெரும்பாலோர் அவர்கள் வழி வந்தவர்கள். அந்தத் தீவுகளோடு நமக்கிருந்த தொடர்பு குசினி வரைக்கும் வந்திருக்கிறது.

பாஸ்மதி அரிசிக்கு வாசம் தரும் அதே சேர்மம் ரம்பை இலையிலும் உண்டு. சம்பா அரிசியில் நெய்ச்சோறு ஆக்கும்போது இரண்டு துண்டு ரம்பை போட்ட நம் உம்மம்மாமார் இரசாயனவியல் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் சரியாகத்தான் செய்தார்கள்.

இன்னொரு விடயம். ரம்பை விதையால் பெருகுவதில்லை. அது பூப்பதே மிக அரிது. அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி. பறவை கொண்டுவந்து போட்டு முளைத்த ரம்பை என்று எந்த வளவிலும் இல்லை. ஒவ்வொன்றும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் புத்தளத்துக்கு வந்தபோது, அவர்கள் விட்டு வந்தவற்றில் கிணற்றடி ரம்பையும் ஒன்று. கிடுகுக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் நிவாரணமாகக் கிடைத்தன. ரம்பையை யாரும் நிவாரணப் பட்டியலில் எழுதுவதில்லை. எங்கள் உம்மம்மா தன் கிணற்றடியிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கி, அப்படி வந்த ஒரு தாய்க்குக் கொடுத்தாராம். "கறி மணத்தால்தான் வீடு மாதிரி இருக்கும்" என்று சொன்னாராம். பல வருடம் கழித்து எங்கள் கிணறு வற்றி எங்கள் ரம்பை பட்டுப்போனபோது, அந்த வீட்டிலிருந்துதான் எங்களுக்குக் கன்று திரும்பி வந்தது. இன்று எங்கள் வளவில் நிற்பது அதுதான்.

இப்போது காணி சுருங்கிவிட்டது, முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டோம். ஆனால் ரம்பைக்கு ஒரு பழைய வாளி போதும். அடியில் துளை போட்டு, கொஞ்சம் நிழலான இடத்தில், பாத்திரம் அலசிய தண்ணீர் விழும்படி வையுங்கள். வெளி இலைகளை மட்டும் அடியோடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். ஒரு செடியே குடும்பத்துக்குப் போதும்.

கடையில் வாங்கும் இலையை நட்டால் முளைக்காது. கன்று வேண்டுமென்றால் யாரிடமாவது போய்க் கேட்கத்தான் வேண்டும். கேட்கவும் கொடுக்கவும் ஆளில்லாமல் போனால் இந்தச் செடியும் நம் ஊரில் நிற்காது.

இன்று உம்மாவிடம் கேளுங்கள், நம் வீட்டு ரம்பை யார் தந்ததென்று. பிறகு ஒரு கன்றைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.