சயாம் இருப்புப்பாதையில் மாண்ட தமிழர்

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண வருவோர் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்து வியக்கின்றனர். அத்தேக்கு வளர்ந்த நாட்டின் எல்லைக் காடுகளில் மாண்ட தமிழ்க் கூலிகளைப் பற்றியோ, இப்பகுதியிலும் பேசுவார் அரிது.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை நின்றது, பசி புகுந்தது. பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புதல் இடர்மிக்கதாகவே, சயாமின் பான்போங் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் முற்பட்டனர். நாட்கூலி, உணவு, சில மாதங்களில் ஊர் திரும்பல் என்னும் வாக்குறுதிகளை நம்பி மனைவி மக்களுடன் புறப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆள் போதாதபோது, இலவசப் படக்காட்சி என அழைத்துக் கதவடைத்து ஏற்றிச் சென்றனர்.

1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிற்று. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இருந்தனர்; ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். அவர்களோடு மருத்துவர் இருந்தனர். நீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டுமென வற்புறுத்த அதிகாரிகள் இருந்தனர். தோட்டக் கூலிகளுக்கு அவ்வாறு எவருமில்லை. தமிழர், மலாயர், பர்மியர், சாவகர் ஆகிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 எனச் சிலரும், அதனினும் மிகுதியென வேறு சிலரும் கணிக்கின்றனர். (அதே மாதங்களில் போலந்தின் சாமோஷ்ச் பகுதியில் ஜெர்மானியர் ஏறத்தாழ 1,10,000 குடிமக்களை ஊரூராக வெளியேற்றிக்கொண்டிருந்தனர்.)

முன்னதற்கு எண்ணிக்கையும் பின்னதற்குக் கணிப்பும் ஏன்? கைதிகளுக்குப் படைப்பதிவேடு இருந்தது; உயிரோடு திரும்பியவர் நாட்குறிப்புகளை வெளியிட்டனர். கூலிக்குப் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தவன் கங்காணி. ஆள் போனபின் பட்டியலும் போயிற்று. அடக்கப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதும் ஆயர், அச்சிறு செயலின் பொருளை இங்கே உணர்வார். நம்மவர் நினைவு வாய்மொழியாகவே தங்கிற்று; மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினம் அதை எழுத்தில் சேர்த்தது.

காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புல்வெளி நடுவே கல்லறைகள் அமைந்துள்ளன. அந்நகரத்தின் கரும்புத் தோட்டமொன்றில் 1990-ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது, நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் அறியக் கூடவில்லை. தமிழ்த் தொழிலாளருக்கென அங்கே ஒரு நடுகல் எழுந்தது 2023-இல்தான்.