கைபடும் கணினியும் மடுவைக் கடந்து சென்ற காலமும்

கணினி வரலாற்றைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகங்களுள் ஒரு வகை, பழைய பொறிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைக்காமல், அவற்றுக்கு மின்சாரம் கொடுத்து, வருவோரே விசைகளைத் தட்டவும் விளையாட்டுகளை ஆடவும் விடுகிறது. 2013 முதல் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் கணினி வரலாற்று மையமும், 1997இல் தொடங்கப்பெற்று 2011இல் புதிய இடத்தில் திறக்கப்பட்ட பெர்லின் கணினி விளையாட்டு அருங்காட்சியகமும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1982இல் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஒரு விளையாட்டைத் தொடங்க, ஒலிநாடாவை ஓடவிட்டு, அது எழுப்பும் கீச்சொலியைக் கேட்டபடி சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் நாடாவை மீளச் சுற்றி மறுபடியும் தொடங்க வேண்டும். அக்காலப் பயனரின் பொறுமை எத்தகையது என்பதை எந்த விளக்கப்பலகையாலும் சொல்ல இயலாது.

இத்தகைய இடங்களுக்கு வரும் நடுவயதினரான ஆங்கிலேயர் பலர் தம் இளமையைத் தேடி வருகின்றனர். அவர்கள் தட்டும் பிபிசி மைக்ரோ அவர்களுடைய வகுப்பறையில் இருந்த கணினி. பாக்கு நீரிணைக்கு அப்பாலும், 1984இல் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக அதே பொறி இந்தியப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நீரிணைக்கு இப்பால், இலங்கையின் மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மடு வட்டாரத்தில், அதே வயதுடைய ஒருவருக்கு அந்தப் பொறி எவ்வித நினைவையும் எழுப்பாது. தனியாள் கணினியும் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ கேமும் உலகின் பல வீடுகளுக்குள் நுழைந்த ஆண்டுகளே, வடக்கில் போர் மூண்டு முற்றிய ஆண்டுகளாகவும் இருந்தன.

1990இல் மடு மாதா திருத்தலச் சூழல், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் நடத்திய திறந்த நிவாரண நிலையமாயிற்று. திறந்த நிவாரண நிலையம் என்பது இடம்பெயர்ந்தோர் விரும்பியபோது வந்து தங்கவும் விரும்பியபோது வெளியேறவும் கூடிய புகலிடம். மடு வீதி நிலையத்தின் ஊடாகத் தலைமன்னார் சென்ற புகையிரதமும் அதே ஆண்டில் நின்றது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் பற்றரியும் கிடைத்தற்கரியனவாக, வடக்கிலும் வன்னியிலும் செய்தி கேட்க விரும்பியோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலியை இயக்கினர். இவ்வட்டாரத்தின் மின்னணுப் பொருள்களுக்கு ஓர் அருங்காட்சியகம் அமையுமாயின், ஸ்பெக்ட்ரத்துக்கு முன்னர் அந்தச் சைக்கிளும் வானொலியுமே அதில் இடம்பெறத் தகுந்தவை. அவையும் கைபட்டால்தான் விளங்கும்.

இத்தனைக்கும் கணினி வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு நிகழ்வு இலங்கையிலேயே நடந்தது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், தம் நாவல் ஒன்றைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயாம்ஸுடன் 1983இலிருந்து கேய்ப்ரோ கணினியின் வழியே கடிதம் பரிமாறினார். தூக்கிச் செல்லத்தக்கது என விற்கப்பட்டபோதிலும் ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள அந்த உலோகப் பெட்டியில் 9 அங்குலப் பச்சைத் திரையும் 64 கிலோபைட் நினைவகமும் இருந்தன; கணினியின் குறிகளைத் தொலைபேசிக் கம்பி சுமக்கத்தக்க ஒலியாக மாற்றும் மோடம் என்னும் கருவி, கொழும்பை லாஸ் ஏஞ்சல்ஸோடு இணைத்தது. கொழும்பு இவ்வாறு தொலைவோடு இணைந்த அதே 1980களின் முற்பகுதியில்தான், தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் சேவை அற்றுப்போனது.

மன்னாரில் கணினி பரவலாகக் காணக்கிடைத்தது மிகப் பிந்தியே. அதனால் ஒலிநாடாவும் பச்சைத்திரையும் இங்கே ஒரு கட்டமாக நிகழாமலே கழிந்தன. எனினும் இப்பகுதிக்கென ஒரு பழங்கணினிக் காலம் இல்லை என்று கொள்வது தவறாகும். ஈழத்தமிழ் அச்சுவேலையில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துரு அதற்குச் சான்று. அதில் கோப்பினுள் பதிவாவது ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு நிறுவப்படாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கோவை மட்டுமே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் சொற்களை மீட்டுத் தரும். ஆனால் ஒரு சிறப்பு மலரின் பக்கம் அமைக்கப்பட்ட விதத்தைக் காண, அக்கால மென்பொருளும் அதை இயக்கும் கணினியும் வேண்டும்.

அவ்வாறு இயக்கிக் காட்டுவது எளிதன்று. தாய்ப்பலகையில் பொருத்திய பற்றரி கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். ஈரப்பதத்தில் நெகிழ்வட்டில் பூஞ்சை படரும். மன்னார்க் கடற்கரையின் உப்புக்காற்று உலோக இணைப்புகளுக்குப் பகை. செல்வமும் முழுக்காப்பன்று: மைக்ரோசாப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் 2012இல் சியாட்டிலில் திறந்த இத்தகைய அருங்காட்சியகம், அவர் 2018இல் மறைந்தபின் 2020இல் மூடப்பட்டு, 2024இல் அதன் பொருள்கள் பல ஏலத்துக்கு வந்தன. மாறாக, 1951இல் இயங்கத் தொடங்கிய ஹார்வெல் டெகட்ரான் கணினி, பிளெட்ச்லி பார்க்கில் தன்னார்வலர்களின் பழுதுபார்ப்பால் 2012இல் மீண்டும் கணக்கிடத் தொடங்கியது.