1953: அணிகள் ஊர் மாறத் தொடங்கிய ஆண்டு

அமெரிக்க பேஸ்பால் உலகில் ஊரைக் கைவிட்ட துரோகம் என்றால் எல்லோரும் 1957-ஐத்தான் சொல்வார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய இரு அணிகளும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பின. பழி பெரும்பாலும் டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓமாலி தலையில் விழுந்தது. ஆனால் அவருக்கு வழி காட்டியது 1953. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் இரு பெரிய லீக்குகளின் பதினாறு அணிகளில் ஒன்றுகூட ஊர் மாறவில்லை. 1953 மார்ச்சில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, பாஸ்டன் பிரேவ்ஸ் அணியை லூ பெரினி மில்வாக்கிக்குக் கொண்டுபோனார்.

பாஸ்டனில் 1952 முழுவதும் அந்த அணியின் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 2.81 லட்சம் பேர். மில்வாக்கியில் முதல் பருவத்திலேயே 18 லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். நேஷனல் லீக்கில் அதுவரை காணாத கூட்டம் அது. எடி மாத்யூஸ் 47 ஹோம் ரன்கள் அடித்தார், அணி இரண்டாம் இடம் பிடித்தது. ஆட்டத்தின் சிறப்பு மட்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்க்கவில்லை. மக்களின் வரிப்பணத்தில் கட்டிய புதிய அரங்கமும் அதைச் சுற்றிக் கார் நிறுத்தப் பரந்த இடமும் காத்திருந்தன. மற்ற உரிமையாளர்கள் இதைக் கவனித்தார்கள். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 1954-இல் பால்டிமோருக்கும், பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 1955-இல் கான்சாஸ் சிட்டிக்கும் போயின. 1957-இல் மில்வாக்கிக்கு 22 லட்சம் பேரும் புரூக்ளினுக்கு 10 லட்சம் பேரும் வந்தபோது ஓமாலி போட்ட கணக்கு, பெரினி ஏற்கெனவே போட்டுக் காட்டியதுதான்.

பாஸ்டன் மக்களே கைவிட்ட அணியை உரிமையாளர் நட்டத்தில் நடத்த வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு அணிகளைத் தாங்க முடியாத ஊரிலிருந்து ஒன்று விலகியதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று பிறந்த வழக்கம் நட்டத்தோடு நிற்கவில்லை. புரூக்ளினில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அணி போனது. மில்வாக்கியில் பிரேவ்ஸ் விளையாடிய பதின்மூன்று பருவங்களில் ஒன்றிலும் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. 1957-இல் யாங்கீஸை வென்று வேர்ல்ட் சீரிஸ் பட்டமும் கைக்கு வந்தது. அறுபதுகளில் கூட்டம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பெரினியிடமிருந்து அணியை வாங்கியவர்கள் அட்லாண்டாவுக்குப் புறப்பட்டபோது, அரங்கக் குத்தகை அவர்களை 1965 பருவம் முடியும்வரைதான் பிடித்து வைத்தது. அணியைத் தடுக்க, மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலம் தொடுத்த வழக்கு அதன் சொந்த உச்ச நீதிமன்றத்திலேயே தோற்றது.

அரங்கம் ஊருக்குச் சொந்தம், அணி முதலாளிக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டை 1953 வெற்றிகரமாக நடத்திக் காட்டியது. அந்த வெற்றியைக் கொண்டாடிய மில்வாக்கியே பதின்மூன்று ஆண்டுகளில் அதன் விலையைக் கொடுத்தது. வரிப்பணத்தில் அரங்கம் எழுப்பும் எந்த ஊரும், அடிக்கல் நாட்டும் முன்பே அணியின் மீது தனக்குள்ள உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.